பிரித்த ரிவால்வரைச் சேர்த்தபின் இயங்கவில்லையா? 1873 கோல்ட் வகைக்கான பிழை நீக்கும் வழிமுறை

1873ஆம் ஆண்டு அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரையும், அதே அமைப்பில் இத்தாலியின் உபெர்ட்டி, பியெட்டா நிறுவனங்கள் இன்றும் செய்துவரும் நகல்களையும் கால் மணி நேரத்தில் பிரித்துவிடலாம். திரும்பச் சேர்ப்பதற்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடும். கரிமருந்துத் தோட்டாக்களைச் சுட்டவர்கள் உள்ளே படிந்த கரியைக் கழுவுவதற்காக எல்லாவற்றையும் கழற்றுவார்கள். சேர்த்த பிறகு ஏதோ ஒன்று இயங்காது. பாகங்களை ஒரு ஜிப் பையில் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். அப்படி வந்த பைகளைப் பல ஆண்டுகளாக மேசைமேல் கொட்டிப் பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. பிரிப்பதற்கு முன் ஒழுங்காக இயங்கிய துப்பாக்கி சேர்த்தபின் இயங்கவில்லை என்றால், பெரும்பாலும் எந்தப் பாகமும் தேய்ந்துபோய்விடவில்லை. ஏதோ ஒரு பாகம் தன் இடத்தில் உட்காரவில்லை, அல்லது ஒரு தட்டை ஸ்பிரிங் உடைந்துவிட்டது. இந்த இரண்டுக்குமே அரம் மருந்தல்ல.

பெயர்களை முதலில் ஒழுங்குபடுத்திக்கொள்வோம். பின்னால் கட்டைவிரலால் இழுப்பது சுத்தி; விரலால் அழுத்துவது விசை. சுத்தியின் இடப்பக்கத்தில் தொங்கிக்கொண்டு, ஆறு தோட்டா அறைகள் கொண்ட சிலிண்டரின் பின்புறப் பற்களைத் தள்ளிச் சுழற்றும் சிறிய துண்டைக் கை என்பார்கள். சிலிண்டரின் அடியிலிருந்து எழும்பி அதன் பள்ளத்தில் விழுந்து பூட்டும் பாகத்தைத் துப்பாக்கிக்காரர்கள் போல்ட் என்கிறார்கள். நட்டு போல்ட்டோடு குழம்பும் என்பதால் இங்கே அதைப் பூட்டுநாக்கு என்றே சொல்கிறேன். பூட்டுநாக்கையும் விசையையும் ஒருசேர அழுத்திக்கொண்டிருக்கும், இரண்டு கால் கொண்ட தட்டை ஸ்பிரிங்கைக் கவட்டை ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்ளலாம். சுத்தியை முன்னோக்கி அடிக்க வைப்பது பெரிய ஸ்பிரிங். சிலிண்டரின் நடுவே ஓடுவது அச்சுக்கம்பி. சுத்தியின் அடியில் விசையின் நுனி மாட்டும் வெட்டுகள் உண்டு; இழுக்கும்போது சுத்தி அவற்றில் முறையே மூன்று இடங்களில் நிற்கும்: சற்றே பின்னால் காப்பு வெட்டு, பாதியில் அரைநிலை, இறுதியில் முழுநிலை.

வெளித்தோற்றத்தில் இதைப் போலவே இருக்கும் ரூகர் பிளாக்ஹாக்கிற்கு இந்தக் குறிப்பு பொருந்தாது. அதன் உள்ளே இருப்பவை சுருள் ஸ்பிரிங்குகள். 1973 முதல் வந்த புதிய மாடலில் டிரான்ஸ்ஃபர் பார் என்ற கூடுதல் பாகமும் உண்டு.

## எதையும் தொடுவதற்கு முன்

சுத்தியை அரைநிலைக்கு இழுத்து, வலப்பக்கத்தில் தோட்டா ஏற்றும் கதவைத் திறந்து, சிலிண்டரைச் சுற்றி, ஆறு அறைகளையும் கண்ணால் பார்த்து விரலாலும் தடவிச் சரிபார்க்க வேண்டும். சிலிண்டர் சுழலவே மறுக்கிறது, உள்ளே தோட்டா இருக்கிறதா என்றும் தெரியவில்லை என்றால், அத்துடன் நிறுத்திக்கொண்டு, குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி தொழில் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும். இந்த ஒரு கட்டத்திற்கு மட்டும் விதிவிலக்கே கிடையாது. உண்மையான தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். சோதனைக்குப் போலித் தோட்டாக்களே போதும்.

கடையில் கிடைக்கும் சாதாரணத் திருப்புளியின் நுனி ஆப்பு போலச் சரிந்திருக்கும். அது திருகாணியின் வெட்டில் மேலே மட்டும் பிடித்து, வழுக்கி, விளிம்பைச் சிதைத்துவிடும். நுனியின் இரு முகமும் இணையாகத் தீட்டப்பட்ட, வெட்டை முழுவதும் நிரப்பும் அளவுள்ள திருப்புளி வேண்டும். ஒவ்வொரு திருகாணியையும் எடுத்த ஓட்டைக்கே திருப்பிப் போட வேண்டும். ஓர் அட்டையில் துப்பாக்கியின் உருவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வைப்பது எனக்குப் பழக்கம்.

சேர்க்கும் வரிசையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: கை மாட்டிய சுத்தி, பூட்டுநாக்கு, விசை, கவட்டை ஸ்பிரிங், விசைக்காப்பு வளையம், பெரிய ஸ்பிரிங், பிடியின் பின்பட்டை, கடைசியாகச் சிலிண்டரும் அச்சுக்கம்பியும். கீழே சொல்லும் சோதனைகளில் பாதி, இந்த வரிசையில் எத்தனை படி பின்னால் போக வேண்டும் என்பதைப் பொறுத்ததுதான்.

## அறிகுறி: சுத்தி சட்டகத்துக்குள் முழுவதும் இறங்கவில்லை, அதன் திருகாணி நுழையவில்லை

### விசையும் பூட்டுநாக்கும் ஏற்கெனவே உள்ளே இருந்தால்

அவற்றை வெளியே எடுத்துவிடுங்கள். விசையின் நுனி சுத்தியின் அடிப்பகுதியை மறித்துக்கொண்டிருக்கும். பழகியவர்கள் விசையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டே சுத்தியை இறக்கிவிடுவார்கள். முதல்முறை செய்பவர் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை.

### சட்டகம் காலியாக இருந்தும் இறங்கவில்லை என்றால்

கை தன் தடத்துக்குள் போகவில்லை. கையின் முதுகில் ஒரு மெல்லிய தட்டை ஸ்பிரிங் அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். அது விரிந்த நிலையில் தடத்தின் வாயில் இடித்துக்கொள்ளும். சட்டகத்தைச் செங்குத்தாகப் பிடித்து, சுத்தியை மேலிருந்து இறக்கும்போதே ஸ்பிரிங்கை ஒரு மரப் பல்குச்சியால் கையோடு சேர்த்து அழுத்தி, கையின் நுனி சிலிண்டர் பக்கத்து ஜன்னலில் எட்டிப் பார்க்கும்வரை வழிநடத்த வேண்டும். நுனி தெரிந்துவிட்டால் சுத்தியின் ஓட்டையும் சட்டகத்தின் ஓட்டையும் தாமாக நேர்ப்படும். நேர்ப்படாத நிலையில் திருகாணியைத் திருகி இழுத்துக்கொள்ளப் பார்த்தால் முதலில் மரை போகும். அடுத்து அந்த மெல்லிய ஸ்பிரிங் போகும்.

சில நகல்களில் இந்த ஸ்பிரிங்குக்குப் பதிலாக, சட்டகத்தின் பின்புறம் துளைத்து வைத்த சிறு சுருள் ஸ்பிரிங்கும் குச்சியும் இருக்கும். அந்த வகையில் இவற்றைச் சுத்திக்குப் பிறகுதான் போட வேண்டும். முன்பே போட்டிருந்தால் கை இறங்காது.

## அறிகுறி: விசை தொளதொளவென்று ஆடுகிறது, சுத்தியை இழுத்தால் எங்கும் நிற்கவில்லை

எனக்கு வரும் பைகளில் மிகுதியானவை இந்த வகைதான். குற்றவாளி கவட்டை ஸ்பிரிங். ஆனால் அது மூன்று விதமாகக் குற்றம் செய்யும்.

முதலாவது, அதன் திருகாணி முழுவதும் இறுகவில்லை. கால்களின் எதிர்ப்பால் திருகாணி கனத்துச் சுழலும்போது, இறுகிவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடுவது எளிதில் நேரும் தவறு. விசைக்காப்பு வளையத்தைக் கழற்றிக் கீழிருந்து பாருங்கள். ஸ்பிரிங்கின் அடித்தட்டுக்கும் சட்டகத்துக்கும் இடையே வெளிச்சம் தெரியக் கூடாது.

இரண்டாவது, ஒரு கால் பக்கவாட்டில் சரிந்துவிட்டது. இரண்டு கால்களும் தனித்தனி வேலை செய்கின்றன. ஒன்று பூட்டுநாக்கின்மேல், மற்றொன்று விசையின்மேல். திருகாணியை இறுக்கும்போது முழு ஸ்பிரிங்கும் அதனோடு சேர்ந்து வலப்பக்கமாகக் கொஞ்சம் திரும்பிவிடுவதால், விசைக்கான கால் விசையின் விளிம்பைத் தாண்டிக் காற்றில் நிற்கும். இதற்குத் தீர்வு எளிது. திருகாணியை இரண்டு மூன்று சுற்று மட்டும் பிடிக்க வைத்து, கால்களைத் திருப்புளியின் முனையால் தம்தம் இடத்துக்குத் தள்ளி, அடித்தட்டை இடக்கைக் கட்டைவிரலால் அசையாமல் அழுத்திக்கொண்டு மீதியை இறுக்க வேண்டும். கட்டைவிரலில் ஒரு வாரத்துக்கு ஒரு பள்ளம் இருக்கும், அவ்வளவுதான் செலவு.

மூன்றாவது, கால் உடைந்துவிட்டது. கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், இரண்டு கால்களும் பிரியும் கவட்டின் மூலையில் ஒரு மயிரிழைக் கோடு தெரியும். சில நேரம் கால் தனியே உடைந்து விரல்களோடு வந்துவிடும். தட்டை ஸ்பிரிங்குகள் நூற்றைம்பது ஆண்டுகளாக அதே மூலையில்தான் உடைந்துகொண்டிருக்கின்றன. புதியது மலிவாகக் கிடைக்கும்; ஆனால் உங்கள் துப்பாக்கியைச் செய்த நிறுவனத்தின் பாகமாக இருக்க வேண்டும், ஏனென்றால் கோல்ட் பாகம் இத்தாலிய நகலில் அப்படியே உட்காரும் என்று உறுதியில்லை. இந்தத் துப்பாக்கி வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், ஒரு கவட்டை ஸ்பிரிங்கையும் ஒரு கையையும் இழுப்பறையில் முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

மூன்றும் இல்லை, ஸ்பிரிங் நன்றாக அழுத்துகிறது, இருந்தும் சுத்தி நிற்கவில்லை என்றால் விசையின் நுனியைப் பாருங்கள். கூராக இருக்க வேண்டிய விளிம்பு உடைந்திருந்தால் அதன் பிறகு உங்கள் வேலை இல்லை. கடைசி அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி: சுத்தி நிற்கிறது, ஆனால் சிலிண்டர் பூட்டிக்கொள்ளவில்லை

முழுநிலைக்கு இழுத்த பிறகும் சிலிண்டரை விரலால் சுற்ற முடிகிறது என்றால், பூட்டுநாக்கு மேலே எழவில்லை, அல்லது எழுந்தும் பள்ளத்தைத் தவறவிடுகிறது. எது என்று தெரிந்துகொள்ளச் சிலிண்டரைக் கழற்றிவிட்டு, சட்டகத்தின் அடியில் இருக்கும் சிறு ஜன்னலைப் பார்த்தபடி சுத்தியை மெதுவாக இழுக்க வேண்டும். பூட்டுநாக்கு முதலில் உள்ளே இறங்கி, பிறகு டக்கென்று வெளியே குதிக்க வேண்டும்.

### ஜன்னலில் குதிக்கவில்லை அல்லது சோம்பலாக எழுகிறது

ஜன்னலின் ஓரத்தில் கரியோ பழைய கெட்டி எண்ணெயோ அடைத்திருக்கலாம். முதலில் அதைத் துடையுங்கள். அடுத்து, பூட்டுநாக்கின் திருகாணியைக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள். உடனே துள்ள ஆரம்பித்தால் திருகாணி இடம் மாறியிருக்கிறது, அல்லது அளவுக்கு மேல் இறுக்கப்பட்டிருக்கிறது. அதன் பிறகே கவட்டை ஸ்பிரிங்கின் மற்றொரு காலைச் சந்தேகப்பட வேண்டும். அதன் சோதனை மேலே சொன்னதேதான்.

### ஜன்னலில் எப்போதும் வெளியே நிற்கிறது, உள்ளே இறங்கவே இல்லை

இது எதிர்மாறான கோளாறு. இதில் சிலிண்டர் சுழலவே சுழலாது. சுத்தியும் பாதியில் முட்டிக்கொள்ளும். சுத்தியின் அடிப்பகுதியில் ஒரு சிறு குமிழ் உண்டு. பூட்டுநாக்கின் பின்கால்களில் மெல்லியதாக, நுனி சரிவாக இருப்பது அந்தக் குமிழின்மேல் அமர்ந்திருக்க வேண்டும். சுத்தி பின்னால் போகும்போது குமிழ் காலைத் தூக்குவதால்தான் நாக்கு இறங்குகிறது. சேர்க்கும்போது கால் குமிழுக்குக் கீழே மாட்டிக்கொண்டிருந்தால் தூக்க ஆளில்லை. பூட்டுநாக்கின் திருகாணியை எடுத்து, சுத்தியை முழுவதும் முன்னால் விட்ட நிலையில் காலைக் குமிழின்மேல் வைத்துத் திரும்பச் சேருங்கள். இந்த நிலையில் முட்டிய சுத்தியை வலுக்கட்டாயமாக இழுத்தவர்களின் துப்பாக்கியில் அந்த மெல்லிய கால் வளைந்தோ உடைந்தோ இருக்கும். வளைந்த காலை நிமிர்த்திப் பயன்படுத்துவதை நான் நிறுத்திவிட்டேன். ஒருமுறை வளைந்தது எப்போது உடையும் என்று சொல்ல முடியாது.

### நன்றாகத் துள்ளுகிறது, ஆனால் பள்ளத்தில் விழவில்லை

சிலிண்டரைப் போட்டு, சுழற்சியைக் கவனியுங்கள். பள்ளம் நாக்குக்கு நேராக வருவதற்கு முன்பே சுழற்சி நின்றுவிட்டால் கையின் கோளாறு; அடுத்த அறிகுறிக்குச் செல்க. பள்ளத்தைத் தாண்டிச் சிலிண்டர் ஓடிவிட்டால் நாக்கு தாமதமாக எழுகிறது. பிரிப்பதற்கு முன்பும் அப்படி இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இருந்தது என்றால் காலங்காலமாகத் தேய்ந்த நேர ஒழுங்குக் கோளாறு. அது துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலாளியான கன்ஸ்மித்தின் வேலை.

## அறிகுறி: சிலிண்டர் சுழலவில்லை, அல்லது முழுச் சுற்றை முடிக்கவில்லை

சிலிண்டரின் பற்களைத் தள்ள வேண்டிய கை முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். சிலிண்டர் இல்லாமல் சுத்தியை அரைநிலையில் வைத்து, ஜன்னலில் தெரியும் கையின் நுனியைப் பல்குச்சியால் உள்ளே தள்ளி விடுங்கள். வில்லைப் போல உடனே திரும்பி வந்தால் ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறது. மந்தமாக வந்தால் தடத்தில் அழுக்கு. வரவே இல்லை என்றால் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது. துப்பாக்கியைக் குழல் கீழ்நோக்கிப் பிடித்தால் சுழன்று, மேல்நோக்கிப் பிடித்தால் சுழலாமல் நிற்பது இந்த ஸ்பிரிங் போய்விட்டதற்கு உறுதியான அடையாளம். முதல் நிலையில் கை தன் எடையாலேயே முன்னால் விழுகிறது. இரண்டாவதில் விழ வழியில்லை.

ஸ்பிரிங் நன்றாக இருந்தும் சுற்று முடியவில்லை என்றால், ஆறு அறைகளுக்கும் தனித்தனியே ஒரு சோதனை செய்ய வேண்டும். சிலிண்டரின் பக்கத்தில் ஒரு காகித ஒட்டைப் போட்டு எண்ணிக்கொண்டு, ஒரு விரலால் சிலிண்டரை மிக லேசாகத் தடுத்தபடி சுத்தியை ஆமை வேகத்தில் முழுநிலைக்கு இழுங்கள். ஒவ்வொரு முறையும் நாக்கு பள்ளத்தில் விழ வேண்டும். ஓர் அறையில் மட்டும் விழவில்லை என்றால் அந்தப் பல்லில் அழுக்கோ அடியோ இருக்கிறது. ஆறிலும் விழவில்லை என்றால் கை தேய்ந்து குட்டையாகிவிட்டது. புதிய கை வேண்டும். புதிய கை சற்று நீளமாகவே வரும், அளவு பார்த்துத் தீட்டிப் பொருத்த வேண்டும். ஒரு தீட்டு அதிகமானால் பழைய கையின் நிலைக்கே வந்துவிடும். இதை நான் என் சொந்தத் துப்பாக்கியில் இரண்டு கைகளைப் பாழாக்கிய பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

## அறிகுறி: சிலிண்டர் உள்ளே போகவில்லை, அச்சுக்கம்பி நுழையவில்லை

சுத்தி அரைநிலையில் இருக்கிறதா, ஏற்றும் கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். அரைநிலையில்தான் பூட்டுநாக்கு கீழே இறங்கியிருக்கும். கதவு மூடியிருந்தால் வலப்பக்கம் வழி அடைபட்டிருக்கும். சிலிண்டர் வலப்பக்கத்திலிருந்து உருண்டு உள்ளே வரும். கை சற்று மறித்தால், சிலிண்டரை வலஞ்சுழியாகக் கொஞ்சம் திருப்பிக்கொண்டே தள்ளினால் போதும்.

சிலிண்டர் உட்கார்ந்தும் அச்சுக்கம்பி வரவில்லை என்றால், அச்சுக்கம்பியைப் பிடித்துவைக்கும் குறுக்குப் பொத்தானை முழுவதும் அழுத்தியிருக்கிறீர்களா, சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய சிறு குழாய் வடிவப் புஷ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கழுவும்போது அந்தப் புஷ் வழுக்கி விழுந்து தண்ணீரோடு போய்விடும். அது இல்லாமல் சேர்த்தால் சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடும், குழலில் உரசும்.

## அறிகுறி: சுத்தி முழுவதும் முன்னால் வந்து அமரவில்லை

இந்த அறிகுறியோடு வந்த ஒருவர் இரண்டு முறை முழுவதும் பிரித்துச் சேர்த்திருந்தார். பெரிய ஸ்பிரிங்கையும் மாற்றியிருந்தார். நான் குறுக்குப் பொத்தானை அழுத்தி, அச்சுக்கம்பியை ஒரு படி முன்னால் இழுத்துவிட்டுத் துப்பாக்கியை அவரிடமே கொடுத்தேன்.

இத்தாலிய நகல்கள் பலவற்றின் அச்சுக்கம்பியில் ஒன்றுக்குப் பதில் இரண்டு வெட்டுகள் இருக்கும். கம்பியை இரண்டாவது வெட்டுவரை உள்ளே தள்ளினால் அதன் பின்முனை சட்டகத்தைத் தாண்டி நீண்டு, சுத்தி அடிக்க முடியாமல் மறித்து நிற்கும். காப்புக்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். கழுவிச் சேர்க்கும் ஆர்வத்தில் கம்பியை இறுதிவரை தள்ளிவிடுவது இயல்பு. முதல் வெட்டில் நிறுத்துங்கள்.

கம்பி சரியாக இருந்தும் சுத்தி அமரவில்லை என்றால், பிடியின் பின்பட்டை நேராக உட்காராமல் சுத்தியின் பக்கத்தில் உரசுகிறதா என்று பாருங்கள். உரசிய இடத்தில் புதிதாகப் பளபளவென்று ஒரு கோடு தெரியும்.

## அறிகுறி: சுத்தி பலமிழந்து அடிக்கிறது, அல்லது இழுக்கும்போது கரகரக்கிறது

பெரிய ஸ்பிரிங்கின் நுனி, சுத்தியின் பின்னால் இருக்கும் சிறு உருளையின் அடியில் மையமாக அமர வேண்டும். அடித்திருகாணியை இறுக்கும்போது ஸ்பிரிங் ஒருபக்கம் திரும்பிவிட்டால் நுனி உருளையின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு, பின்பட்டையின் உட்சுவரில் உரசும். பின்பட்டையை எடுத்துவிட்டு, திருகாணியை அரைச்சுற்று தளர்த்தி, ஸ்பிரிங்கை நேராக்கி, இறுக்கிப் பாருங்கள். அந்தத் திருகாணியே தளர்ந்திருந்தால் அடி பலமிழக்கும். வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஸ்பிரிங்கை வளைத்தோ அடியில் தகடு வைத்தோ பலம் கூட்டும் யோசனைகளை ஒதுக்கிவிடுங்கள்.

ஒரே துண்டு மரப்பிடி உள்ள துப்பாக்கியாக இருந்தால், பின்பட்டையை மாட்டும்போதே மரத்தையும் சேர்த்து மாட்ட வேண்டும். எல்லாத் திருகாணிகளையும் இறுக்கி முடித்துத் திரும்பிப் பார்த்தால் மரப்பிடி மேசையின் ஓரத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். எனக்கு இது ஒருமுறை நடந்ததல்ல.

## அறிகுறி: பின்பட்டையின் திருகாணிகள் பிடிக்கவில்லை, பிடி கோணலாக இருக்கிறது

ஒரு திருகாணியை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனதுதான் காரணம். எல்லாவற்றையும் விரலால் மட்டும் இரண்டு சுற்று பிடிக்கவைத்து, சுத்தியின் இருபுறம் உள்ள இரண்டு, அடியில் உள்ள ஒன்று என்று மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். திருகாணியை ஓட்டையில் வைத்து முதலில் இடப்பக்கமாகத் திருப்பி, மரை ஒன்றில் ஒன்று விழும் சிறு துள்ளலை உணர்ந்த பிறகு வலப்பக்கம் திருப்பினால் மரை கெடாது. கெட்டுவிட்டால் பெரிய திருகாணியைத் திணிக்க வேண்டாம். மரை ஒழுங்குசெய்ய ஆட்கள் இருக்கிறார்கள்.

## அறிகுறி: எல்லாம் இயங்குகிறது, ஆனால் சிலிண்டரைச் சுற்றிப் புதிதாக ஒரு கோடு

இதற்கு முதலில் உங்கள் கட்டைவிரலைத்தான் சந்தேகிக்க வேண்டும். அரைநிலையிலிருந்து சுத்தியை நேராக முன்னால் இறக்கினால், பூட்டுநாக்கு பள்ளமில்லாத இடத்தில் விழுந்து சிலிண்டரின் மேனியைக் கீறும். அரைநிலையிலிருந்து எப்போதும் முழுநிலைவரை இழுத்து, அதன் பிறகே விசையை அழுத்திச் சுத்தியைப் பிடித்து மெதுவாக இறக்க வேண்டும். சேர்த்த பிறகு சோதிக்கும் உற்சாகத்தில் பலரும் பத்து முறையாவது இதைத் தவறாகச் செய்துவிடுகிறார்கள்.

பழக்கம் சரியாக இருந்தும் கோடு ஆழமாகிக்கொண்டே போனால், நாக்கு முன்கூட்டியே எழுகிறது. அதன் காலை அளவு பார்த்துத் தீட்டுவது நேர ஒழுங்கு அறிந்தவர் செய்ய வேண்டியது. ஆபத்து ஒன்றுமில்லை, அழகுக்குத்தான் கேடு.

## அறிகுறி: முழுநிலையில் இருக்கும் சுத்தி தானாக விழுகிறது, அல்லது தள்ளினால் விழுகிறது

துப்பாக்கி காலியாக இருப்பதை மீண்டும் ஒருமுறை உறுதி செய்துகொண்டு, முழுநிலைக்கு இழுத்து, விசையைத் தொடாமல் சுத்தியின் கொம்பைக் கட்டைவிரலால் முன்னோக்கி மிதமாக அழுத்துங்கள். விழக் கூடாது. அரைநிலையிலும் காப்பு வெட்டிலும் விசையை லேசாக இழுத்துப் பாருங்கள். அப்போதும் விழக் கூடாது. விழுந்தால் விசைக்காப்பு வளையத்தை மட்டும் கழற்றி, வெட்டில் கரியோ உலோகத் துணுக்கோ மாட்டியிருக்கிறதா, விசைக்கான ஸ்பிரிங் கால் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். இவை இரண்டும் இல்லை என்றால் துப்பாக்கியைப் பையில் போட்டுக் கன்ஸ்மித்திடம் கொண்டுபோக வேண்டும். விசையின் நுனியையோ சுத்தியின் வெட்டையோ வீட்டில் தீட்டுவதற்கு இணையத்தில் எத்தனை படங்கள் இருந்தாலும் அதைச் செய்யாதீர்கள். அந்த இரண்டு முகங்களின் கோணமும் கடினப்படுத்தப்பட்ட மேற்பரப்பும்தான் உங்கள் காலுக்கும் தோட்டாவுக்கும் நடுவே நிற்பவை.

காப்பு வெட்டை நம்பி ஆறு தோட்டாக்களையும் ஏற்றி வைப்பதும் இதோடு சேர்ந்ததே. பழைய அமைப்பில் சுத்தியின் ஊசி நேரே தோட்டாவின் முதுகில் நிற்கும். துப்பாக்கி கீழே விழுந்து சுத்தியில் அடிபட்டால் அந்த மெல்லிய வெட்டோ விசையின் நுனியோ உடைந்து வெடித்துவிடும். அதனால்தான் ஒன்றை ஏற்றி, ஒன்றைத் தவிர்த்து, நான்கை ஏற்றி, முழுநிலைக்கு இழுத்து, காலி அறையின்மேல் சுத்தியை இறக்கும் வழக்கம் அமெரிக்காவில் நிலைத்தது.

## இவை தவிர, எப்போது அனுப்பிவிட வேண்டும்

1940களுக்கு முன் செய்யப்பட்ட அசல் கோல்ட் உங்களிடம் இருந்தால், மேலே சொன்ன எதற்காகவும் நீங்களாகத் திறக்க வேண்டாம். சிதைந்த ஒரு திருகாணித் தலையே அதன் விலையைக் குறைத்துவிடும். பழம்பொருள் சேகரிப்பவர் முதலில் பார்ப்பது அதைத்தான். சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலான இடைவெளியை மெல்லிய அளவுத் தகடுகளான ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். 0.004 முதல் 0.008 அங்குலம்வரை இருப்பது வழக்கம். அதைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தாலும், சிலிண்டர் உரசினாலும் அனுப்புங்கள். சட்டகத்தில் விரிசல், வளைந்த அச்சுக்கம்பி, உடைந்த ஊசி ஆகியவையும் அப்படியே.

இதைப் படிப்பவர் இந்தியாவில் இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் தொழிலுக்குத் தனி உரிமம் தேவை. உங்கள் துப்பாக்கிக்கு உரிமம் இருந்தாலும், நண்பருடையதை வாங்கிப் பழுதுபார்க்க அது அனுமதி தராது.

## சேர்த்து முடித்தபின் கடைசிச் சோதனை

போலித் தோட்டாக்களை ஏற்றி, அமைதியான அறையில் சுத்தியை மெதுவாக இழுத்துக் காதால் கேளுங்கள். காப்பு வெட்டு, அரைநிலை, பூட்டுநாக்கு விழுவது, முழுநிலை என்று நான்கு சொடுக்குகள் தனித்தனியே கேட்க வேண்டும். கோல்டின் ஆங்கிலப் பெயரில் உள்ள நான்கு எழுத்துகளையும் அது உச்சரிக்கிறது என்று பழையவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மூன்றாவதும் நான்காவதும் ஏறக்குறைய ஒன்றாக ஒலித்தால் கவலையில்லை. மூன்றாவது கேட்கவே இல்லை என்றால் பூட்டுநாக்கின் பகுதிக்குத் திரும்ப வேண்டும். ஆறு அறைகளுக்கும் இதைச் செய்யுங்கள்.

சுடுதளத்தில் முதல்முறை ஒரே ஒரு தோட்டாவை மட்டும் ஏற்றிச் சுட்டு, காலிக் கூட்டை எடுத்துப் பாருங்கள். ஊசி பதிந்த குழி, தோட்டாவின் அடியில் உள்ள தீமூட்டும் மூடியான பிரைமரின் நடுவில் இருந்தால் மற்ற அறைகளையும் அப்படியே ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். குழி ஓரத்துக்கு விலகியிருந்தால் அறை குழலுக்கு நேராக நிற்கவில்லை. இரண்டாவது தோட்டாவை ஏற்றாமல் துப்பாக்கியைக் கன்ஸ்மித்திடம் கொடுங்கள், அந்தக் காலிக் கூட்டையும் சேர்த்தே கொடுங்கள்.